ஊரை விட்டு வந்தவரின் பாட்டு

பிறந்த ஊரையும் தோப்பையும் தாயையும் விட்டு வந்த ஒருவர் தம் நிலையை நொந்து பாடும் பாட்டொன்று மலையக லயங்களில் நெடுங்காலம் பாடப்பட்டு வந்துள்ளது. அதில் வரும் இடம் கண்டி. பதுளையில் கொழுந்து பறித்தவர்கள் ஏன் கண்டியைப் பாடினார்கள்? தமிழகத்துக் கிராமங்களில் மலைநாடு முழுவதற்கும் 'கண்டிச்சீமை' என்றே பெயர். அது பிழையுமல்ல, 1815 வரை ஊவாவும் கண்டி அரசின் பகுதிதானே.

பாட்டின் பின்னாலுள்ள கதை விவசாயிகளின் கதை. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளில் மழை பொய்த்து, கடன் முற்றியபோது கங்காணி முன்பணத்துடன் வந்தார். 1876-78 பெரும் பஞ்சம் மேலும் பலரைத் துரத்தியது. தோணியில் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். காலராவும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. ஊவாவுக்கு வந்தவர்கள் அதற்கப்பாலும் நடந்தார்கள்; பதுளைக்கு ரயில் வந்தது 1924 இல்தான். வந்து சேர்ந்த அன்றே முன்பணம் கடனாகப் பெயரில் ஏறியிருந்தது. தாயைப் பார்க்கத் திரும்பிப் போவது எப்படி?

இப்பாட்டைக் கட்டியவர் யாரென்று தெரியாது. மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை இத்தகைய பாட்டுகளைத் தேடித் தொகுத்ததனால், 1983 இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலாக வந்தது. அவர் தேடாதிருந்தால் பல பாட்டுகள் பாடியவர்களோடு போயிருக்கும்.

பெயர் தெரிந்தால் மட்டும் போதுமா? தென்னாபிரிக்கக் கிராமத்திலிருந்து வேலை தேடி நகரம் போன சொலமன் லிண்டா 1939 இல் 'ம்புபே' (சிங்கம்) என்ற பாட்டை இசைத்தட்டில் பாடினார். உரிமைக்கு அவர் பெற்றது பத்து ஷில்லிங் என்பர். அப்பாட்டு அமெரிக்காவில் வேறு பெயரில் பெரும் பணம் ஈட்டியது. லிண்டா 1962 இல் வறுமையில் இறந்தார். 2006 இல்தான் வழக்கில் ஓர் இணக்கம் ஏற்பட்டு, அவர் பிள்ளைகளுக்குப் பங்கு கிடைத்தது.

ஆகவே உங்கள் வீட்டு ஆச்சிமாரிடம் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு எழுதும்போது, பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், யாரிடம் கற்றார் என்பவற்றையும் எழுதுங்கள். சொற்களைத் திருத்த வேண்டாம், பாடியபடியே இருக்கட்டும். விட்டு வந்த இடத்தைப் பற்றிய பாட்டென்றால் அந்த இடத்தின் பெயரைக் கட்டாயம் கேளுங்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லய வரிசைகள் மண்ணுக்குள் போயின. தப்பியவர்கள் இன்று வேறிடங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் போங்கள்.