தரைப்பாலத்தடியில் இறகுத் தூண்டில்

மயிலிறகுத் தண்டைத் தக்கையாகக் கட்டி, மண்புழு கோத்து, கண்மாயில் கெண்டை பிடித்துப் பழகிய கை என்னுடையது. அதே கை ஃபிளை ஃபிஷிங் கழியோடு டெக்சஸின் லானோ ஆற்றில் இறங்கிய முதல் காலையில் பிடித்தவை: பெக்கான் மரக் கிளை இரண்டு, என் தொப்பி, என் வலது காதுமடல். மீன் ஒன்றுகூட இல்லை.

குற்றம் ஆற்றின் மேல் இல்லை. ஃபிளை ஃபிஷிங் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி டிரவுட் மீனைப் பற்றியது. டிரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே திணறத் தொடங்கும். ஆஸ்டினைச் சுற்றியுள்ள மலைநாட்டு ஆறுகளான லானோ, பெடர்னாலிஸ், பிளாங்கோ எல்லாம் வெயிலில் காய்ந்து கிடக்கும் ஆறுகள். கேன்யன் அணையின் அடியிலிருந்து குளிர்ந்த நீர் வரும் குவாடலூப் ஆற்றின் ஒரு பகுதி போன்ற சில இடங்களில் மட்டும் குளிர்காலத்தில் டிரவுட் கொண்டுவந்து விடுகிறார்கள். மற்ற ஆறுகளில் டிரவுட் புத்தகத்தை வைத்துக்கொண்டு நிற்பவர், ஊட்டி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மதுரை வெயிலில் நிற்பவரைப் போலத்தான். நானும் அப்படித்தான் நின்றேன். கடைக்காரர் ஒருவர் என் தலையில் கட்டிய மார்பளவு ரப்பர் கால்சட்டையை அன்று ஒருநாள் போட்டதோடு சரி. இந்த ஆறுகளுக்குப் பழைய கேன்வாஸ் ஷூவும் அரைக்கால்சட்டையும் போதும்.

சாதாரணத் தூண்டிலில் நரம்பை இழுத்துக்கொண்டு போவது ஈயக்குண்டு. ஃபிளை ஃபிஷிங்கில் முள்ளில் கட்டியிருப்பது இறகும் ரோமமும். அதற்குப் பெரிதாக எடை கிடையாது. எனவே இங்கே எடை லைனில் இருக்கிறது. லைன் என்பது பிளாஸ்டிக் பூச்சுள்ள தடித்த கயிறு. அதன் கனத்துக்கு எண் உண்டு. 6-ஆம் எண் லைனின் முதல் 30 அடி 160 கிரெயின், அதாவது பத்து கிராமுக்குச் சற்று மேல். அந்தப் பத்து கிராம்தான் பின்னால் போய், நீண்டு, கழியை வளைத்து, முன்னால் பாய்கிறது. புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, லைன் பின்னால் முழுதாக நீளும் முன்பே முன்னால் அடிப்பது. அப்படி அடித்தால் சாட்டை சொடுக்குவதுபோல் ‘டப்’ என்று சத்தம் வரும். முள்ளும் நம் மேலேயே வந்து விழும். என் காதுமடல் கதை அதுதான்.

அன்று என்னைக் காப்பாற்றியது ஒரு சின்ன வேலை. முள்ளின் நுனிக்குக் கீழே எதிர்முள் இருக்குமே, அதைக் குறட்டால் நசுக்கிவிட்டுத்தான் இறங்கியிருந்தேன். வந்த வழியிலேயே முள் வெளியே வந்துவிட்டது. மீனுக்கும் அதே வசதி. வாய் கிழியாமல் விட்டுவிடலாம். தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் இந்தக் கழியைத் தொடவே கூடாது என்பதையும் அன்றே தெரிந்துகொண்டேன்.

கழி 9 அடி நீளம், 5 அல்லது 6-ஆம் எண். லைனின் நுனியில் ஏழரை அடிக்குக் கண்ணாடி நரம்பு. ரீல் மலிவாக இருந்தாலும் பரவாயில்லை. இந்த அளவு மீன்களுக்கு அது லைனைச் சுற்றி வைக்கும் டப்பாதான். மிச்சப்படும் பணத்தை நல்ல லைனில் போடுவது புத்திசாலித்தனம்.

பெட்டியில் இப்படி முள்ளில் கட்டிய பூச்சி எத்தனை வகை வேண்டும்? மூன்று வகை போதும் என்பேன். அவற்றில் இரண்டு, வெப்பநீர் மீனுக்காகவே பிறந்தவை என்பது டிரவுட் அன்பர்கள் அதிகம் பேசாத சேதி. பெயரிலேயே ‘கம்பளி’ இருக்கும் வுல்லி பக்கரை 1967-இல் பென்சில்வேனியாவில் ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் கட்டினார். ஸ்மால்மவுத் பாஸ் மீன் விரும்பித் தின்னும் ஒரு நீர்ப்பூச்சியின் புழுவைப் போல இருக்க வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். இரண்டாவது கிளௌசர் மின்னோ. அதே மாநிலத்தின் சஸ்குவஹானா ஆற்றில் ஸ்மால்மவுத்துக்காக 1980-களில் பாப் கிளௌசர் உருவாக்கியது. பெயர் சூட்டியவர் ஃபிளை ஃபிஷிங் எழுத்தாளர் லெஃப்டி கிரே. முள்ளின் கழுத்தில் டம்பெல் மாதிரி இரண்டு உலோகக் கண்கள் இருக்கும். அந்தக் கனத்தில் முள் தலைகீழாகத் திரும்பி, கூர் மேலே பார்க்கும். பாறை இடுக்கில் அவ்வளவு எளிதில் மாட்டாது. இழுத்து நிறுத்தினால் தலை கவிழ்ந்து இறங்கும், மறுபடி இழுத்தால் எழும்பும். குட்டி மீன் தத்தளிப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. மூன்றாவது பாப்பர்: தட்டை முகமுள்ள சின்னத் தக்கை. நீர்மேல் மிதந்து, இழுக்கும்போது ‘ப்ளக்’ என்று தண்ணீரைத் துப்பும்.

ஃபிளை ஃபிஷிங் பூச்சிகளில் பலவற்றின் உடலைச் சுற்றியிருக்கும் பளபளக்கும் பச்சை இழை மயிலிறகிலிருந்து எடுத்தது. தண்டைத் தக்கைக்கு வைத்துக்கொண்டு நாங்கள் தூக்கியெறிந்த பகுதி!

இனி மீன். குவாடலூப் பாஸ், டெக்சஸின் மாநில மீன், 1989-இல் அறிவித்தார்கள். உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை, இந்த மலைநாட்டு ஆறுகளில் மட்டும்தான். உருவில் பெரியதல்ல; உலக சாதனை மீனே 3.71 பவுண்டு, ஒன்றேமுக்கால் கிலோவுக்கும் கீழே. ஆனால் ஓட்டத்தில் வளர்ந்த மீன் என்பதால் இழுப்பு அலாதி. 1970-களில் விளையாட்டு மீன்பிடிப்புக்காக வெளியிலிருந்து ஸ்மால்மவுத் பாஸைக் கொண்டுவந்து விட்டார்கள். அது இதோடு கலந்து கலப்பினம் பெருகியது. பிறகு விழித்துக்கொண்ட மாநில வனவிலங்குத் துறை, கலப்பில்லாத குஞ்சுகளைப் பொரித்து ஆறுகளில் மீண்டும் விட்டுவருகிறது. சட்டம் வைத்துக்கொள்ள அனுமதித்தாலும் நான் இந்த மீனைத் தண்ணீருக்கே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

ஆனால் பாடம் நடத்தும் வாத்தியார் குவாடலூப் பாஸ் அல்ல. உள்ளங்கை அகல சன்ஃபிஷ். நீலம், ஆரஞ்சு, பச்சை என்று தேர்த்துணி நிறத்தில் இருக்கும். வசந்தத்தில் ஆண் மீன் கூழாங்கல் தரையை வாலால் பெருக்கி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் குழி பறித்துக் காவல் காக்கும். அந்த வட்டங்களை மிதிக்காமல் நடக்க வேண்டும். பெரிய மீன் வேட்டைக்காரர்கள் சன்ஃபிஷை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் இருபது முறை வந்து கடித்து, இருபது முறையும் நம் தப்பைக் காட்டிக்கொடுக்கிற மீன் வேறு எது? சில ஆறுகளில் ரியோ கிராண்டே சிக்லிட் என்ற மீனும் மாட்டும். கருத்த உடலில் வெளிர்நீலப் புள்ளி. அமெரிக்காவைச் சொந்த மண்ணாகக் கொண்ட ஒரே சிக்லிட் அதுதான். நம் ஊர் ஜிலேபிக் கெண்டைக்குப் பங்காளி முறை.

முதல் நாள் கதைக்குத் திரும்புகிறேன். காஸ்டெல் என்ற சிற்றூர் அருகே இடுப்பளவு தண்ணீரில் நின்று எதிர்க்கரைக்கு வீச மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கரையில் மடக்கு நாற்காலி போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, மீன் இருந்த இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள், அது போன பிறகு அந்தப் பக்கம் வீசுகிறீர்கள் என்றார். எழுந்துவந்து, நான் தாண்டி வந்த இடத்தைக் காட்டினார். கரையோரக் கோரைக்கும் ஒரு கருங்கல் பாறைக்கும் நடுவே இரண்டடி ஆழத்தில் ஓர் ஓடுகால். பாறைக்கு மேற்புறம் வேகமான நீர், கீழ்ப்புறம் கண்ணாடிபோல் அசையாத நீர். இரண்டும் சேரும் இடத்தில் கோடு கிழித்ததுபோல் ஒரு நுரைவரி. மீன் மெதுவான பக்கத்தில் உடலை வைத்துக்கொண்டு, வேகமான பக்கம் கொண்டுவரும் இரையை எட்டிப் பிடிக்கும் என்றார். கால் மணி நேரம் கரையேறி நின்றோம். பிறகு தண்ணீரில் இறங்காமலே பதினைந்து அடிக்கு ஒரு பாப்பரைப் போட்டார். போட்ட வளையம் கலையும்வரை இழுக்கவே இல்லை. ஒரு ‘ப்ளக்’. தண்ணீர் வெடித்தது.

அந்தப் பதினைந்து அடியைத்தான் மூன்று வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். முப்பது அடிக்கு மேல் வீச வேண்டிய தேவை இந்த ஆறுகளில் அபூர்வம். பின்னால் மரம் இருந்தால் ரோல் காஸ்ட் என்ற வீச்சு போதும்: லைனைப் பின்னால் அனுப்பாமல், தண்ணீர்மேலேயே இழுத்து, கழியைத் தோளருகே நிறுத்தி, முன்னால் உருட்டிவிடுவது.

வீச்சைவிட எனக்குச் சிரமம் கொடுத்தது என் பழைய வித்தை. கண்மாயில் தக்கை முங்கினால் கழியை மேலே சுண்டுவோம். பாஸ் மீனிடம் அது பலிப்பதில்லை. பூச்சி வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கழி நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்தி வைத்து, கடித்ததும் இடது கையால் லைனை நீளமாக ஓர் இழுப்பு இழுக்க வேண்டும். முள் ஏறியது கையில் தெரிந்த பிறகுதான் கழி எழ வேண்டும். சிறுவயதுப் பழக்கம் விட எனக்கு ஒரு கோடை முழுக்க ஆயிற்று.

ஆற்றை அடைவதற்கு நல்ல வாசல் தரைப்பாலங்கள். சராசரி அகலம் 30 அடியாவது உள்ள ஆற்றின் படுகை டெக்சஸ் சட்டப்படி பொதுச்சொத்து, அதில் நடக்கலாம். கரை அப்படியல்ல, பெரும்பாலும் தனியார் பண்ணை. மரத்தில் ஊதா நிறப் பெயின்ட் கோடு கண்டால் உள்ளே வராதே என்று பொருள். பலகை வைத்ததற்குச் சமம். பாறைச் சந்தில் கை வைக்கும்முன் பாம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், காட்டன்மவுத் விஷப்பாம்பு.

எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது வெள்ளம். மண் கொஞ்சம், அடியில் சுண்ணாம்புப் பாறை. பெய்த மழை அப்படியே ஆற்றுக்கு வந்துவிடும். 2018 அக்டோபரில் இதே லானோ, கிங்ஸ்லாண்டில் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தையே அடித்துச் சென்றது. 2025 ஜூலை 4 விடியலில் குவாடலூப் ஆறு கரைபுரண்டதில் கெர் மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கிளம்பும்முன் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் நீர்மட்ட அளவீட்டை அந்த ஆற்றுக்கு மட்டுமல்ல, மேலே உள்ள அளவு நிலையத்துக்கும் பாருங்கள். ஆற்றில் நிற்கும்போது தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலைதழையும் சுள்ளியும் மிதந்துவரத் தொடங்கினாலோ, மீன் மாட்டியிருந்தாலும் நரம்பை அறுத்துவிட்டு மேடேறிவிடுங்கள். தலைக்கு மேல் நீலவானம் இருப்பது சாட்சி ஆகாது. மழை ஐம்பது மைல் தள்ளிப் பெய்திருக்கும்.

டெக்சஸில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். 17 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை. மாநிலப் பூங்காவின் கரையில் நின்று பிடித்தால் பெரியவர்களுக்கும் வேண்டாம். ஜங்ஷன் ஊருக்குப் பக்கத்தில் சவுத் லானோ ஆற்றுப் பூங்கா அதற்கு ஏற்ற இடம். ஜூன் மாத முதல் சனிக்கிழமை மாநிலம் முழுவதும் யாருக்கும் உரிமம் கேட்க மாட்டார்கள். கழியை இரவல் வாங்கிக்கொண்டு, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். காது மறைகிற தொப்பியாகப் பார்த்துப் போட்டுவிடுங்கள்.