லூசியின் சேட்டைகளைக் காகிதத்தில் எழுதியவர்

கேள்வி: ‘ஐ லவ் லூசி’ தொடரில் வரும் சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியை யூடியூபில் எத்தனை தடவை பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. அந்தத் தொடரை எழுதியவர்களில் ஒரு பெண்ணும் உண்டு என்று கேள்விப்பட்டேன். அவர் யார்? எங்கள் கல்லூரி நாடகக் குழுவுக்கு நான் நகைச்சுவை எழுதுகிறேன். “வசனம் வேண்டுமானால் எழுது. விழுவது, புரள்வது எல்லாம் நடிகர்கள் மேடையில் பார்த்துக்கொள்வார்கள், அதில் எழுத என்ன இருக்கிறது?” என்கிறார்கள். அது சரிதானா?

- கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: சரியில்லை. நீங்கள் ரசிக்கும் லூசியின் சேட்டைகளில் பெரும்பகுதி, அவர் தளத்துக்கு வரும் முன்பே காகிதத்தில் எழுதப்பட்டவை. எழுதியவர்களில் ஒருவர் மேடலின் பியூ. எழுத்து மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களில் பல ஆண்டுகள் அவர் ஒருவர்தான் பெண்.

1921-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்தார். பத்து வயதிலேயே நாடகம் எழுதிப் பார்த்தவர். இண்டியானா பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்து 1942-ல் பட்டம் பெற்றார். வெளிநாட்டுச் செய்தியாளர் ஆக வேண்டும் என்பது ஆசை. வேலை கிடைத்ததோ உள்ளூர் வானொலி நிலையத்தில். பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் போனார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இளைஞர்கள் படைக்குப் போய்விட்டதால் வானொலி நிறுவனங்களில் எழுத ஆள் இல்லை. இல்லாவிட்டால் அந்தக் கதவு ஒரு பெண்ணுக்கு அவ்வளவு எளிதில் திறந்திருக்காது. திறந்த கதவு வழியே உள்ளே போனவர், போர் முடிந்தபிறகும் வெளியே வரவில்லை. அதுதான் அவருடைய திறமைக்குச் சாட்சி.

சிபிஎஸ் வானொலியில் பாப் கேரல் என்ற எழுத்தாளரோடு கூட்டுச் சேர்ந்தார். அந்தக் கூட்டு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இருவரும் கணவன் மனைவி இல்லை, தொழில்கூட்டாளிகள். அப்போது ஸ்டீவ் ஆலன் என்ற நகைச்சுவையாளரின் நிகழ்ச்சிக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். 1948-ல், பின்னால் லூசியாக நடித்த லூசில் பால் நடித்துவந்த ‘மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்’ வானொலித் தொடருக்கு எழுதும் வாய்ப்பு கண்ணில் பட்டது. மாதிரிக் கதை எழுத நேரம் வேண்டுமே! ஒரு வாரம் உங்கள் நிகழ்ச்சியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று ஸ்டீவ் ஆலனுக்கே பணம் கொடுத்துவிட்டு, இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். வேலை கிடைத்தது. அங்கே தலைமை எழுத்தாளராகவும் தயாரிப்பாளராகவும் வந்து சேர்ந்தவர் ஜெஸ் ஆப்பன்ஹைமர். இந்த மூவர்தான் பின்னால் ‘ஐ லவ் லூசி’யின் முதுகெலும்பு.

அந்தத் தொலைக்காட்சித் தொடர் 1951 அக்டோபர் 15 அன்று தொடங்கியது. முதல் பருவத்தில் மட்டும் 35 பகுதிகள். அத்தனையும் மூவர் எழுதியவை. நான்கு பருவங்கள் முடியும்வரை வேறு எழுத்தாளர் சேரவில்லை. மூவரும் கூடிப் பேசிக் கதையை முடிவு செய்வார்கள். மேடலினும் பாபும் முதல் பிரதி எழுதுவார்கள். ஆப்பன்ஹைமர் அதைச் செப்பனிடுவார். நடிகர்கள் வாசித்து, ஒத்திகை பார்த்து, ஏறக்குறைய முந்நூறு பார்வையாளர் முன்னால் மூன்று கேமராக்களோடு அதே வாரம் படமாக்கிவிடுவார்கள். அடுத்த வாரத்துக்கு அடுத்த கதை. இந்த வேகத்தில் ‘நடிகர் பார்த்துக்கொள்வார்’ என்று எதையும் விட்டுவைக்க முடியாது.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் இடம் இது. உடல்மொழி நகைச்சுவை வரும் பகுதிகளை அவர்கள் முழுக்கப் பெரிய எழுத்துகளில் தட்டச்சு செய்வார்கள். பக்கத்தைப் பார்த்தாலே அந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும். குழுவுக்குள் அதற்குக் ‘கறுப்புச் சமாசாரம்’ என்றே பெயர். கை எங்கே போகிறது, பொருள் எங்கே விழுகிறது, அதைப் பார்த்த முகம் என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றும் அதில் இருக்கும். எழுதுவதோடும் நிற்கவில்லை. ஒரு பெண்ணால் இதைச் செய்ய முடியுமா என்று தெரிந்துகொள்ள, மேடலின் தானே செய்து பார்ப்பார். ஒரு தடவை ஒற்றைச் சக்கர சைக்கிள் யோசனை வந்தது. ஏறிப் பார்த்தார், சுவரில் போய் மோதினார். யோசனை கைவிடப்பட்டது. லூசிக்கு ஆபத்தானது எது என்பதை இப்படித் தன் உடம்பை வைத்து அளந்த எழுத்தாளர் அவர். என் கணக்கில் அந்தத் தொடரின் தரத்துக்கு இதுவே முதல் காரணம்.

சாக்லேட் காட்சி 1952 செப்டம்பரில் ஒளிபரப்பான பகுதியில் வருகிறது. அதைத் தனியாகப் பார்க்காமல் முழுப் பகுதியையும் பாருங்கள். லூசி கணக்கில் பணம் இல்லாமல் காசோலை கொடுக்கிறாள். கணவனுக்குக் கோபம். சம்பாதிப்பது கடினமா, வீட்டு வேலை கடினமா என்று சண்டை முற்றி, பெண்கள் வேலைக்கும் ஆண்கள் சமையலறைக்கும் போகிறார்கள். தொழிற்சாலையில் மற்ற பிரிவுகளில் எல்லாம் சொதப்பிவிட்டுக் கடைசியாகத் தாள் சுற்றும் பிரிவுக்கு வருகிறார்கள் லூசியும் அவள் தோழி எத்தலும். ஒரே ஒரு சாக்லேட் தாள் சுற்றாமல் போனாலும் வேலை போய்விடும் என்கிறாள் மேற்பார்வையாளர். அந்த ஒரு வரிதான் எல்லாவற்றுக்கும் காரணம். அது இருப்பதால்தான் அவர்கள் சாக்லேட்டை வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் ஒளிக்கிறார்கள். மேற்பார்வையாளர் திரும்பி வருகிறாள், சாக்லேட் நகர்ந்து வரும் பட்டை காலியாக இருப்பதைப் பார்த்து நன்றாக வேலை செய்கிறார்கள் என்று நினைக்கிறாள், வேகத்தைக் கூட்டச் சொல்கிறாள். திணிப்பதை லூசில் பாலும் எத்தலாக நடித்த விவியன் வான்ஸும் அற்புதமாகச் செய்தார்கள். திணிக்க வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியது எழுத்து. லூசில் பாலும் தன் வெற்றியில் எழுத்தாளர்களின் பங்கைச் சொல்லத் தயங்கியதே இல்லை.

தொடர் 1957-ல் முடிந்தது. 1962-ல் தொடங்கிய ‘தி லூசி ஷோ’, பிறகு ‘ஹியர்ஸ் லூசி’ என்று மேடலினும் பாபும் லூசில் பாலுக்குத் தொடர்ந்து எழுதினார்கள். ‘ஆலிஸ்’ தொடரின் தயாரிப்பிலும் இருந்தார்கள். 1986-ல் ‘லைஃப் வித் லூசி’ வந்தது. 13 பகுதிகள் எடுத்தும் எட்டோடு ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். அப்போது லூசில் பாலுக்கு 75 வயது. அந்த வயதில் ஒருவர் தடுமாறினால் பார்ப்பவர் மனம் முதலில் பதறும், பிறகுதான் சிரிக்கும். அதே எழுத்தாளர்கள், அதே நடிகை. உடல் மாறிவிட்டது, எழுத்து அதற்கேற்ப மாறவில்லை. நகைச்சுவை எழுதுகிறவர்கள் இந்தத் தோல்வியையும் படிக்க வேண்டும்.

பாப் கேரல் 2007-லும், மேடலின் 2011 ஏப்ரலில் தன் 90-வது வயதிலும் காலமானார்கள். இருவரும் சேர்ந்து எழுதிய ‘லாஃபிங் வித் லூசி’ என்ற நினைவுநூல் 2005-ல் வந்தது. ஆங்கிலத்தில் கிடைத்தால் அவசியம் படியுங்கள்.

அடுத்த நாடகத்தில் ஒருவர் விழ வேண்டும் என்றால் ‘விழுகிறார்’ என்று மட்டும் எழுதி விடாதீர்கள். எதற்காக அங்கே போனார், எதைப் பிடிக்கப் போய் விழுந்தார், அதை யார் பார்க்கக் கூடாது என்று நினைத்தார் என்பதையும் எழுதுங்கள். பாதுகாப்பாகச் செய்ய முடிகிறதா என்று ஒத்திகைக்கு முன்பே குழுவோடு சேர்ந்து நிதானமாகச் செய்து பாருங்கள். நாடக அறிவிப்பில் நடிப்பவர்கள் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரையும் போடச் சொல்லிக் கேளுங்கள்.