ரவுண்டானாவை நெருங்கும்போது

சந்தியை நெருங்கும் வாகனமோட்டியின் பிரதான கடமை வேகத்தைத் தணிப்பதேயாயினும், நம்மவரில் அநேகர், ஹாரனை அழுத்திவிட்டால் கடமை தீர்ந்ததென்ற நினைப்பில், பிரேக்குக்குப் போகவேண்டிய காலை ஆக்ஸிலேட்டரிலேயே வைத்திருக்கிறார்கள்.

இடப்புறம் ஓட்டும் நம் தேசத்தில் ரவுண்டானாவைக் கடிகார முள்ளின் திசையில் சுற்றவேண்டும் என்பதை யாவரும் அறிவர்; உள்ளே ஏற்கெனவே சுற்றிவரும் வண்டிக்கே முன்னுரிமை என்பதைத்தான், அறிந்தவரும் அனுஷ்டிப்பதில்லை. பிரிட்டனில் 1966-இல் இவ்விதி அமலுக்கு வருமுன், நுழைவோர் வெளியேறுவோரை மறித்து, வட்டம் முழுவதும் ஸ்தம்பித்துப்போவது சகஜமாயிருந்தது. ஆகவே வாயிலில் நின்று, வலப்புறம் பார்த்து, இடைவெளி கிடைத்த பின்னரே நுழையுங்கள்.

பார்ப்பதிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. காரின் முன்கண்ணாடியைத் தாங்கும் வலப்புறத் தூண், அற்பமாய்த் தோன்றினும், சற்றுத் தூரத்தில் வரும் மோட்டார் சைக்கிளை, ஓட்டுபவரோடு சேர்த்து, முழுமையாக மறைத்துவிட வல்லதாகையால், இருக்கையில் சாய்ந்தபடியே கண்ணை மட்டும் திருப்பாமல், உடலை முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது அவசியம்.

திரும்பும் பஸ்ஸின் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே வராது, வளைவின் உட்பக்கமாக ஒதுங்கிவரும். இடப்புறம் திரும்பும் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஸ்கூட்டரை நுழைப்பது சாமர்த்தியமன்று, விபரீதம்.

வெளியேறும் பாதைக்கு முந்தைய பாதையைத் தாண்டியதும் இடப்புற இண்டிகேட்டரைப் போடுங்கள். சிக்னல் உள்ள சந்தியாயின், மஞ்சள் விளக்கு நிற்பதற்கானது.