பழுது பார்க்கக் கொடுத்த பொருளில் புதிய சேதம்: யார் பொறுப்பு?



கீபோர்டு வேலை செய்யவில்லை என்று ஒருவர் தம் லேப்டாப்பை வாரண்டியில் சர்வீஸ் சென்டருக்குக் கொடுக்கிறார். திரும்பி வரும்போது கீபோர்டு சரியாகியிருக்கிறது. ஆனால் திரையின் ஓரத்தில் புதிதாக ஒரு விரிசல். கேட்டால், "நீங்கள் கீழே போட்டிருப்பீர்கள், இது வாரண்டியில் வராது" என்கிறார்கள். இப்படிப்பட்ட தகராறில் மார்க்கம் நமக்கு என்ன வழி காட்டுகிறது?

செய்த வேலையால் வந்த சேதம்

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:58). பழுது பார்ப்பவரின் கையில் உள்ள பொருளும் அமானிதமே. கவனக்குறைவு இல்லாமல் அமானிதப் பொருள் அழிந்துபோனால் அதை வைத்திருந்தவர் மீது பொறுப்பில்லை என்பது பொது விதி.

ஆனால் பலரிடமும் கூலி பெற்று வேலை செய்பவரைப் பற்றி ஃபிக்ஹு அறிஞர்கள் தனியாக ஆராய்ந்துள்ளார்கள். துணி வெளுப்பவர் அடித்துத் துவைக்கும்போது துணி கிழிந்தால், அவர் வேண்டுமென்றே செய்யாவிட்டாலும் ஈடு தர வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். அது அவருடைய வேலையால் வந்த சேதம். அவருடைய செயல் இல்லாமல் பொருள் திருடு போனால் அவர் மீது பொறுப்பில்லை என்கிறார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). தடுக்க முடியாத பெரும் தீ போன்றவை தவிர மற்றவற்றுக்கு அவரே பொறுப்பு என்கிறார்கள் அவர்களுடைய மாணவர்களான அபூயூஸுஃப் (ரஹ்), முஹம்மத் (ரஹ்) இருவரும். லேப்டாப்பைக் கழற்றும்போது திரை விரிசல் விட்டால், அது கிழிந்த துணியைப் போன்றதுதான்.

சான்று யார் மீது?

உரிமை கோருபவர் சான்று கொண்டுவர வேண்டும். மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும். இதுவே வழக்கின் அடிப்படை. கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனத்திலும் (2:282) இந்த ஞானம் இருக்கிறது. நம்பிக்கை இல்லாததால் எழுதுவதில்லை. பின்னால் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறோம்.

எனவே கொடுக்கும் முன் திரை எரியும் நிலையிலும், எல்லாப் பக்கங்களிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறத்தில் கீறலோ உடைப்போ இல்லை என்பதை ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். சீரியல் எண்ணைச் சரிபாருங்கள். திரும்ப வாங்கும்போது, கையெழுத்துப் போடும் முன் அங்கேயே திறந்து பாருங்கள். கூரியரில் வந்தால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். சேதம் தெரிந்தால் அன்றே எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

உரிமையைக் கேட்பது குற்றமல்ல

நபி (ஸல்) அவர்களிடம் ஒருவர் தமக்கு வரவேண்டிய கடனைக் கடுமையாகக் கேட்டார். தோழர்கள் அவரைத் தண்டிக்க முனைந்தபோது, உரிமை உள்ளவருக்குப் பேச உரிமை உண்டு என்று சொல்லி நபியவர்கள் தடுத்தார்கள் (புகாரி).

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீர்வு கிடைக்காவிட்டால் 2 ஆண்டுகளுக்குள், நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. அதே நேரத்தில், கவுண்டரில் இருக்கும் ஊழியரைத் திட்டாதீர்கள். உடைத்தவர் அவராக இல்லாமலும் இருக்கலாம்.

இரு தரப்புக்கும் எச்சரிக்கை

வாதத் திறமையால் ஒருவர் தமக்கு உரிமையில்லாததைத் தீர்ப்பில் பெற்றுக்கொண்டால், அவர் பெற்றது நெருப்புத் துண்டு என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள் (புகாரி, முஸ்லிம்). முன்பே இருந்த கீறலையும் புதிய விரிசலோடு சேர்த்து எழுதும் நுகர்வோருக்கும் இது பொருந்தும். பழியை வாடிக்கையாளர் மேல் போட்டுத் தப்பிக்கும் கடைக்காரருக்கும் பொருந்தும்.

பழுது பார்க்கும் தொழில் செய்யும் சகோதரர்களே! நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில், மற்றொரு மனைவி அனுப்பிய உணவுப் பாத்திரம் உடைந்துபோனது. உடைந்ததை வைத்துக்கொண்டு, நல்ல பாத்திரம் ஒன்றை நபியவர்கள் திருப்பி அனுப்பினார்கள் (புகாரி). கை தவறுவது மனித இயல்பு. உடைந்ததை ஒப்புக்கொண்டு ஈடு செய்வதே அமானிதம்.

கொடுக்கல் வாங்கலில் உண்மையாளர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.