மருந்துக்கும் பேரேடு வேண்டும்



தீராத நோயில் கிடப்பவர்க்கு நோவைத் தணித்து, கடைசி நாட்களைக் கண்ணியமாகக் கழிக்க உதவுவதே 'ஹாஸ்பிஸ்' என்னும் பராமரிப்பு. 1967-ல் ஸிஸிலி ஸாண்டர்ஸ் அம்மையார் லண்டனில் தொடங்கிய செயிண்ட் கிறிஸ்டோபர் இல்லம் இதற்கு முன்மாதிரி. சிங்கப்பூரில் 1989-ல் எச்.சி.ஏ. நிலையமும், கோலாலம்பூரில் 1991-ல் ஹாஸ்பிஸ் மலேசியாவும் தோன்றின. இவற்றின் தாதியர் வீடு தேடி வருகிறார்கள். ஆயினும் இராப்பகலாக மருந்து கொடுப்பவர்கள் மகனும் மருமகளும்தாமே? ஆகவே நோயாளியின் பாதுகாப்பில் பாதி நம் கையில் இருக்கிறது.

முதலாவது, அளவு. மில்லிகிராம் என்பது நிறுத்தல். மில்லிலிட்டர் என்பது முகத்தல். ஒரு படி அரிசியும் ஒரு படி உமியும் ஒரே எடையாகுமா? மார்ஃபின் திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள சீசாவும் உண்டு. 20 உள்ள சீசாவும் உண்டு. சீசா மாறினால் மருந்து பத்து மடங்காகிவிடும்! சமையலறைக் கரண்டியும் உதவாது; மருந்தோடு தரும் அளவுக்குழலே வேண்டும். பிரிட்டனில் ஒரே தோற்றமுள்ள இரு மருந்துப் பம்புகள் இருந்தன. ஒன்றுக்கு மணிக் கணக்கு, மற்றதற்கு நாள் கணக்கு. இரண்டும் மாறிப்போனதால் உயிர்கள் போயின. 2010-ல் அவற்றை மாற்றும்படி அங்கே அறிவிப்பு வந்தது.

இரண்டாவது, கணக்கு. காலையில் மூத்தவர் கடைக்குப் போக, இளையவர் வாப்பாவின் பக்கத்தில் இருப்பார். அவர் கொடுத்தாரா, இவர் கொடுத்தாரா என்ற ஐயத்தில் ஒரு வேளை இரு வேளையாகும். அல்லது ஒன்றுமே இல்லாமல் போகும். தலைமாட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். மருந்து, அளவு, மணி, கொடுத்தவர் பெயர் ஆகியவற்றை அப்போதைக்கப்போதே எழுதுங்கள். 'அபின் சரக்கு' என்று அஞ்சி, மருத்துவர் சொன்னதை நாமாகக் குறைப்பதும் நோயாளிக்குச் செய்யும் தீங்கே. தட்டி எழுப்பியும் விழிக்காத மயக்கமோ, மூச்சு மிகவும் மெதுவாவதோ கண்டால், அடுத்த வேளை மருந்தைக் கொடுக்குமுன் தாதியைக் கூப்பிட வேண்டும்.

மூன்றாவது, தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை. பெரும்பாலும் 72 மணிக்கு ஒரு முறை மாற்றுவது. பழையதை எடுத்த பிறகே புதியதை ஒட்ட வேண்டும். அதன்மேல் வெந்நீர்ப் பை வைத்தால் சூட்டினால் மருந்து அதிகமாக உடலில் ஏறிவிடும். எடுத்த பட்டையிலும் மருந்து மிச்சமிருக்கும். குழந்தை வாயில் வைத்தால் உயிருக்கே ஆபத்து. ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, எட்டாத இடத்தில் போடுங்கள்.

நான்காவது, தண்ணீர். சகராத் வேளையில் அன்பினால் வாயில் நீர் ஊற்றுகிறோம். விழுங்க முடியாதவர்க்கு அது மூச்சுக்குழலில் இறங்கிப் புரையேறிவிடும். பஞ்சை நனைத்து உதட்டையும் நாவையும் ஈரமாக்கினால் போதும்; தாகமும் தணியும், வேதனையும் சேராது.

சகோதரர்களே! ஒரு காசு பிசகினாலும் இரவெல்லாம் விழித்துப் பேரேட்டைச் சரிபார்ப்பவர்கள் நாம். அந்தக் கவனத்தில் ஒரு பங்கை, நம்மை வளர்த்தவர்களின் படுக்கையருகிலும் செலுத்துவோமாக!