அக்கி எழுதினால் போதுமா?

கேள்வி: டொக்டர், என் மாமியாருக்கு 62 வயது. சீனி வருத்தமும் இருக்கிறது. இடது விலாவில் நெருப்புப் பட்ட மாதிரி எரிந்து, இரண்டு நாளில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் போட்டுவிட்டது. அக்கி என்று சொல்லி, கீழ் லயத்துப் பெரியவர் காவி எழுதினார். பக்கத்து வீட்டு அக்கா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொல்கிறார். உடம்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்தால் உயிர் போய்விடுமாம். எனக்கும் காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொப்புளம் வரும், அதுவும் அக்கியா? எந்த இலை நல்லது? வீட்டில் 5 மாதக் கைக்குழந்தை இருக்கிறது.
- ஒரு வாசகி, பசறை

பதில்: முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன் தங்கச்சி. தலையும் வாலும் சேராது. மாமியாருக்குச் சின்ன வயதில் வந்த அம்மை, அதாவது கொப்புளிப்பான், அன்றைக்கு முழுதாகப் போய்விடவில்லை. அந்த வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு வேரில் பதுங்கிக் கிடந்தது. வயதும் சீனியும் உடம்பின் எதிர்ப்பைத் தளர்த்தியதும் ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வந்திருக்கிறது. அந்த நரம்பு உடம்பின் ஒரு பக்கத்துக்கு மட்டுமே போகிறது. அதனால் கொப்புளமும் நடுக்கோட்டோடு நின்றுவிடும். காவி எழுதியதால் நின்றது என்று நம்புகிறோம், எழுதாவிட்டாலும் அங்கேதான் நின்றிருக்கும்.

அக்கி எழுதுவது தமிழ்நாட்டில் குயவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் வைத்தியம். ஈரக் காவி காயும்போது எரிச்சலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உடைந்த கொப்புளத்தில் மண்ணைப் பூசினால் சீழ் பிடிக்கும். சீனி வருத்தக்காரருக்கு அது ஆறாத புண்ணாகிவிடும். அரைத்த மஞ்சளும் அப்படித்தான், போதாததற்குப் புண் சிவந்திருக்கிறதா, சீழ் வைத்திருக்கிறதா என்று பார்க்கவும் விடாது.

எனக்குக் காவியைவிடக் கவலை தருவது, அதை நம்பி வீட்டில் இருந்துவிடும் நாட்கள்தான். வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் குளிசை, கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். வழக்கமான அளவு 800 மில்லிகிராம், நாளுக்கு 5 தடவை, 7 நாள். சிறுநீரகம் பழுதாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். ஆகவே மாமியாருக்கு டொக்டர் பார்த்துத்தான் எழுத வேண்டும், பாமசியில் நீங்களாக வாங்காதீர்கள். உங்கள் கடிதம் எனக்குக் கிடைப்பதற்குள் அந்த மூன்று நாள் போயிருக்கும். இன்னும் புதுக் கொப்புளம் வந்தால் இப்போதும் குளிசையால் பயன் உண்டு.

பூச ஏதாவது வேண்டுமென்றால் கற்றாழை போதும். மடலை வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். வடியும் மஞ்சள் பால் தோலை அரிக்கும், அது போகட்டும். பிறகு தோலைச் சீவி, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற சோற்றை, கொதித்து ஆறிய நீரில் கழுவி, உடையாத கொப்புளத்தின் மேலும் காய்ந்த பொருக்கின் மேலும் மட்டும் வையுங்கள். எரிச்சல் தணியும். நரம்புக்குள் இருக்கும் வைரஸை எந்த இலையும் எட்டாது. சுண்ணாம்பு, எருக்கம்பால், பச்சைப்பூண்டு வேண்டவே வேண்டாம்.

புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் வலி நிற்பதுண்டு. அங்கே ஒரு செடிக்கு உண்மையாகவே இடம் இருக்கிறது. கொச்சிக்காயின் காரப்பொருளான கேப்சைசினில் செய்த களிம்பை டொக்டர்கள் அந்த வலிக்குக் கொடுக்கிறார்கள். அதற்காக அம்மியில் கொச்சிக்காய் அரைத்துவிடாதீர்கள்!

உங்கள் உதட்டுக் கொப்புளம் அக்கி அல்ல. அதே குடும்பத்து வேறொரு வைரஸ், உலகில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் உடம்பில் இருப்பது. 2019-இல் வெளியான நியூசிலாந்து ஆய்வொன்றில் 952 பேரில் சிலருக்கு மருத்துவத்துக்கென்று பதப்படுத்திய தேனும், மற்றவர்களுக்கு அசைக்ளோவிர் கிரீமும் கொடுத்தார்கள். புண் ஆறக் கிரீமுக்கு 8 நாள், தேனுக்கு 9 நாள். தேன் பெரிய மருந்து என்பதல்ல இதன் அர்த்தம், அந்தக் கிரீமும் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். தானாகவே ஆறிவிடும். ஆறும்வரை குழந்தைக்கு முத்தம் கொடுக்காதீர்கள்.

இதே வைரஸ் குடும்பம் மறைவிடத்திலும் புண் போடும். லயத்தில் வெளியே தெரிந்துவிடும் என்று வேப்பிலையைப் பூசிக்கொண்டு பேசாமல் இருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பதுளை ஆஸ்பத்திரியில் பாலியல் நோய் கிளினிக் இருக்கிறது. காசு வாங்க மாட்டார்கள், விஷயமும் வெளியே போகாது.

மாமியாரின் கொப்புள நீரில் வைரஸ் இருக்கிறது. அம்மை வராதவருக்கு அது பட்டால் அம்மையாக வரும். பொருக்கு காயும்வரை புண்ணைச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள், குழந்தையை அவர் மடியில் விடாதீர்கள். பக்கத்தில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களும் விலகி இருக்கட்டும். யாருக்காவது நெற்றியிலோ கண்ணோரத்திலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தால் கண் பார்வையே போகலாம். அப்போது காவியும் வேண்டாம், தோட்டத்து டிஸ்பென்சரியில் காத்திருக்கவும் வேண்டாம், அன்றைக்கே பதுளைக்குக் கூட்டிப் போங்கள்.