இரவலா, சொந்தமா? சி-யிலிருந்து பைதான் டிக்ஷனரியைத் தொடும்போது



இந்த எபிசோட்ல, பைதான் புரோகிராம்ல மெதுவா ஓடுற பகுதியை மட்டும் சி-ல எழுதிச் சேர்க்கிறதைப் பத்திப் பேசினோம். அதுல டிக்ஷனரி பகுதியைக் காதால கேட்டுப் புரிஞ்சுக்கிறது கஷ்டம். அதான் அதை இங்கே ஒரு பாடமா எழுதுறேன். பைதான் ஓரளவு தெரியணும், சி-ல பாயின்டர்னா என்னன்னு தெரியணும். அவ்வளவு போதும்.

முதல்ல என் கதை. நம்ம எபிசோட்களின் எழுத்துப்படியில எந்தச் சொல் எத்தனை தடவை வருதுன்னு எண்ணுறதுக்கு சி-ல ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் எழுதினேன். சொல்தான் கீ, எண்ணிக்கைதான் வேல்யூ. ஒரு எபிசோடின் முதல் பத்து நிமிஷத்தை வச்சு டெஸ்ட் பண்ணினேன், எல்லாம் பாஸ். அப்புறம் எல்லா எபிசோடையும் சேர்த்து ஓட்டினேன். பாதியிலேயே செக்மென்டேஷன் ஃபால்ட். எந்த வரியில தப்புன்னு பைதான் சொல்லவே இல்லை. ரெண்டு நாள் தேடினதுக்கு அப்புறம் கிடைச்சது ஒரே ஒரு வரி. அதுவும் 'நல்ல பழக்கம்'னு நினைச்சு நானே சேர்த்த வரி! சின்ன டெஸ்ட்ல அது ஏன் மாட்டலைங்கிறதுக்குப் பின்னாடி 256-னு ஒரு எண் இருக்கு. அதுக்குப் பிறகு வருவோம்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கணக்கு

நாம வழக்கமா இன்ஸ்டால் பண்ணுற பைதானுக்கு சிபைதான்னு பேர். அதுவே சி-ல எழுதப்பட்டது. அதுக்குள்ள ஒவ்வொரு எண்ணும், சரமும், டிக்ஷனரியும் ஒரு ஆப்ஜெக்ட். அதை இப்போ எத்தனை பேர் பிடிச்சிருக்காங்க என்ற கணக்கு அந்த ஆப்ஜெக்டுக்குள்ளேயே இருக்கு. இதுக்கு ரெஃபரன்ஸ் கவுன்ட்னு பெயர். அது பூஜ்யம் ஆனதும் அந்த ஆப்ஜெக்டின் மெமரி விடுவிக்கப்படும்.

பைதான்ல எழுதும்போது இந்தக் கணக்கை யாரும் கவனிக்க வேண்டியதில்லை. சி-ல எழுதும்போது கணக்குப்பிள்ளை நீங்கதான். பிடிச்சா கூட்டணும், அதுக்கு இன்க்ரெஃப். விட்டா குறைக்கணும், அதுக்கு டெக்ரெஃப். குறைக்க மறந்தா மெமரி கசியும். ஒரு தடவை கூடுதலா குறைச்சா, இன்னொருத்தர் பயன்படுத்திக்கிட்டு இருக்கிற ஆப்ஜெக்ட் அவர் கையிலேயே காணாமப் போகும். என் கதையில நடந்தது இரண்டாவது.

அதனால சி-ல எந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: என் கைக்கு வந்தது சொந்தமா, இரவலா?

சொந்தம்னா, உங்க பேர்ல கணக்குல ஒண்ணு ஏறியிருக்கு. வேலை முடிஞ்சதும் நீங்கதான் டெக்ரெஃப் பண்ணணும். இரவல்னா, மழையில நண்பனோட குடைக்குள்ள ஒதுங்கி நடக்கிற மாதிரி. நனையாம போகலாம், ஆனா அந்தக் குடையை மடக்கிப் போட உங்களுக்கு உரிமை இல்லை. அவன் மடக்கிட்டா உங்களால தடுக்கவும் முடியாது.

டிக்ஷனரி ஃபங்ஷன்கள் எந்தப் பக்கம்?

சி-ல டிக்ஷனரிக்கான ஃபங்ஷன்கள் எல்லாம் 'பைடிக்ட்' என்ற முன்னொட்டோட தொடங்கும். இங்கே அதை விட்டுட்டு மீதிப் பெயரை மட்டும் சொல்றேன். நடுவுல வர்ற சிறுகோடு நீங்க படிக்க வசதிக்காக நான் போட்டது.

கெட்-ஐட்டம்: கீயைக் கொடுத்தா வேல்யூவைக் கொடுக்கும். வருவது இரவல். கீ இல்லைன்னா 'நல்' பாயின்டர் வரும்.

கெட்-ஐட்டம்-ரெஃப்: அதே வேலை, ஆனா வருவது சொந்தம். 2024 அக்டோபரில் வந்த பைதான் 3.13-ல சேர்த்தாங்க. இது வேல்யூவை நீங்க கொடுக்கிற பாயின்டர்ல வச்சுட்டு, ஒரு எண்ணைத் திருப்பித் தரும். 1 வந்தா கிடைச்சது, 0 வந்தா கீ இல்லை, -1 வந்தா பிழை.

செட்-ஐட்டம்: கீயையும் வேல்யூவையும் டிக்ஷனரியில் வைக்கும். தனக்குத் தேவையான கணக்கை டிக்ஷனரியே ஏத்திக்கும். உங்க கையில இருக்கிறது இன்னமும் உங்க சொந்தம்தான், அதனால நீங்களும் டெக்ரெஃப் பண்ணணும்.

இந்தக் கடைசி விஷயத்துலதான் நிறைய பேர் தடுமாறுவாங்க. ஏன்னா பட்டியலுக்கான செட்-ஐட்டம் அப்படியே நேர்மாறு. அது உங்க கையில இருக்கிறதைப் பறிச்சுக்கும். அதுக்கு அப்புறம் நீங்க டெக்ரெஃப் பண்ணக் கூடாது. பெயர் ஒண்ணு, நடத்தை வேற. லிஸ்ட் பறிக்கும், டிக்ட் பறிக்காது. இதை ஒரு ஸ்டிக்கி நோட்ல எழுதி மானிட்டர்ல ஒட்டி வைங்க.

சொல் எண்ணும் வேலை, சரியான வரிசையில்

ஒவ்வொரு சொல்லுக்கும் செய்ய வேண்டியது இது:

1. சி சரத்திலிருந்து பைதான் சரம் ஒன்றை உருவாக்கு. இது புதுசு, உன் சொந்தம்.
2. கெட்-ஐட்டம்-ரெஃப் மூலம் பழைய எண்ணிக்கையைக் கேள். -1 வந்தால் சரத்தை விட்டுவிட்டு, பிழையோடு வெளியேறு.
3. 1 வந்தால் அதை சி எண்ணாக மாற்றிக்கொண்டு, பழைய ஆப்ஜெக்டை டெக்ரெஃப் செய். 0 வந்தால் எண்ணிக்கை பூஜ்யம்.
4. ஒன்று கூட்டிப் புது பைதான் எண்ணை உருவாக்கு. இதுவும் உன் சொந்தம். உருவாகவில்லை என்றால் சரத்தை விட்டுவிட்டு வெளியேறு.
5. செட்-ஐட்டம் மூலம் டிக்ஷனரியில் வை. திரும்பி வரும் மதிப்பைக் குறித்துக்கொள். 0 என்றால் சரி, -1 என்றால் பிழை.
6. பிழையோ இல்லையோ, புது எண்ணையும் சரத்தையும் டெக்ரெஃப் செய்.

சொந்தமா வந்தது மூணு: சரம், பழைய எண், புது எண். விட்டதும் மூணு. கணக்கு நேரா இருக்கு. பிழை வந்து பாதியில வெளியேறினாலும், அதுவரைக்கும் கைக்கு வந்த சொந்தங்களை விட்டுட்டுத்தான் போகணும்.

எங்கெல்லாம் சறுக்கும்

முதல் சறுக்கல், ஆறாவது படியை மறப்பது. 64-பிட் கணினியில ஒரு சாதாரண பைதான் எண்ணின் அளவு 28 பைட். ஒண்ணு கசிந்தா யாருக்கும் தெரியாது. பத்து லட்சம் கசிந்தா குறைஞ்சது 28 மெகாபைட். மாசக்கணக்கா ஓடுற சர்வர்ல இது பெரிய தலைவலி.

இரண்டாவது, நான் செய்தது. மூணாவது படியில, கெட்-ஐட்டம் கொடுத்த இரவல் ஆப்ஜெக்டை டெக்ரெஃப் பண்ணினேன். 'பயன்படுத்தினா விட்டுடணும்' என்ற நல்ல எண்ணம்தான். ஆனா அந்தக் கணக்கு டிக்ஷனரியோடது. கணக்கு பூஜ்யமாகி மெமரி போயிடுச்சு, டிக்ஷனரி மட்டும் இன்னும் அதே முகவரியைச் சுட்டிக்கிட்டு இருந்துச்சு.

மூணாவது, இரவலை ரொம்ப நேரம் வச்சிருப்பது. பழைய எண்ணைக் கெட்-ஐட்டம் மூலம் வாங்கி, அதே கீக்குப் புது எண்ணை வச்சுட்டு, அப்புறம் லாக்ல 'முன்பு இருந்தது இவ்வளவு'ன்னு பழையதை அச்சிட்டா? புதுசு வந்ததும் டிக்ஷனரி பழையதை விட்டுடும். குடை மடங்கிடுச்சு, நீங்க இன்னும் அதுக்குக் கீழே நிக்கிறதா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. இரவலா வாங்கினதை நீண்ட நேரம் வச்சிருக்கணும்னா, வாங்கின உடனே இன்க்ரெஃப் பண்ணிச் சொந்தமாக்கிக்கோங்க.

நாலாவது, 'நல்' என்றால் 'இல்லை'ன்னு முடிவு கட்டுறது. கெட்-ஐட்டத்துக்கு ஒரு பட்டியலைக் கீயா கொடுத்துப் பாருங்க. பட்டியலை ஹாஷ் பண்ண முடியாது, பைதான்ல எழுதினா டைப்எரர் வரும். ஆனா கெட்-ஐட்டம் அந்தப் பிழையை விழுங்கிட்டு வெறும் நல் மட்டும் கொடுக்கும். உங்க கோடுக்கு அது 'கீ இல்லை' மாதிரியே தெரியும். கெட்-ஐட்டம்-ரெஃப்ல 0 வேற, -1 வேற. பழைய பதிப்பில் வேலை செய்யணும்னா கெட்-ஐட்டம்-வித்-எரர் இருக்கு. அதுவும் இரவல்தான் கொடுக்கும், ஆனா பிழையை மறைக்காது. நல் வந்ததும் பிழை ஏதாவது பதிவாகியிருக்கான்னு தனியா பார்க்கணும்.

சரி, அந்த 256?

-5 முதல் 256 வரையான எண்கள் அடிக்கடி தேவைப்படும் என்பதால, சிபைதான் அவற்றை முன்கூட்டியே செஞ்சு வச்சிருக்கும். 12-ன்னு எத்தனை தடவை கேட்டாலும் வருவது அதே ஒரே ஆப்ஜெக்ட். நான் பயன்படுத்தினது 3.12. அந்தப் பதிப்பிலிருந்து இவை 'அழியாத' ஆப்ஜெக்ட்கள். டெக்ரெஃப் பண்ணினாலும் அவற்றின் கணக்கு மாறாது.

இப்போ என் டெஸ்டை யோசிச்சுப் பாருங்க. பத்து நிமிஷப் பேச்சில எந்தச் சொல்லும் 256 தடவைக்கு மேல வரலை. நான் செஞ்ச தப்பு ஒவ்வொரு சொல்லுக்கும் நடந்துகிட்டேதான் இருந்துச்சு, ஆனா அழியாத எண்களை அது எதுவும் பண்ணலை. எல்லா எபிசோடையும் ஓட்டினப்போ 'ஒரு' என்ற சொல் 257-ஐத் தொட்டுச்சு. அது சாதாரண, அழியக்கூடிய ஆப்ஜெக்ட். அங்கே ஆரம்பிச்சது வினை. இந்த மாதிரி நேரத்துல என்ன நடக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. புரோகிராம் விழுந்தா அதிர்ஷ்டம். விழாம, தப்பான எண்ணைக் கொடுத்துட்டுச் சமத்தா ஓடி முடிஞ்சா? அந்த எண்ணை நம்பி யாராவது முடிவும் எடுத்திருப்பாங்க.

பாடம் இதுதான்: சி எக்ஸ்டென்ஷனை டெஸ்ட் பண்ணும்போது சின்ன எண்களை மட்டும் வச்சுப் பண்ணாதீங்க. எண்ணிக்கையை வேணும்னே ஆயிரத்துக்கு மேல கொண்டு போங்க. லட்சம் தடவை சுத்த விட்டு மெமரி ஏறுதான்னும் பாருங்க.

முழு டிக்ஷனரியையும் சுற்றி வர

இதுக்கு நெக்ஸ்ட் என்ற ஃபங்ஷன் இருக்கு. பூஜ்யத்தில் தொடங்குற ஒரு இடக்குறியைக் கொடுத்தா, ஒவ்வொரு தடவையும் ஒரு கீயும் வேல்யூவும் தரும். ரெண்டுமே இரவல். அந்த இடக்குறியை 'எத்தனாவது'ன்னு எடுத்துக்காதீங்க. டிக்ஷனரியின் உள்ளமைப்பில் இடைவெளிகள் இருக்கும், அதனால அது ஒவ்வொண்ணா ஏறும்னு சொல்ல முடியாது.

சுத்தி வரும்போது கீயைச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. ஏற்கெனவே இருக்கிற கீக்கு வேல்யூவை மாத்தலாம். நீக்க வேண்டியவை இருந்தா, முதல் சுத்துல கீகளை ஒரு பட்டியலில் சேர்த்துக்கிட்டு, சுத்தி முடிச்சதும் நீக்குங்க.

ஏன் இப்போ இது இன்னும் முக்கியம்

இவ்வளவு நாளா ஜில் என்ற பூட்டு, ஒரு நேரத்துல ஒரு திரெட் மட்டும் பைதானுக்குள்ள ஓடும்படி பார்த்துக்கிச்சு. அதனால இரவலைக் கொஞ்ச நேரம் வச்சிருந்தாலும் பெரும்பாலும் தப்பிச்சோம். 3.13-ல அந்தப் பூட்டு இல்லாத பதிப்பு சோதனை முயற்சியா வந்துச்சு, 3.14-ல அதிகாரபூர்வ ஆதரவு கிடைச்சுடுச்சு. அதுல நீங்க இரவலைக் கையில வாங்கின அதே நொடியில இன்னொரு திரெட் டிக்ஷனரியிலிருந்து அதை நீக்கலாம். கெட்-ஐட்டம்-ரெஃப் இருக்கும்போது புது கோட்ல பழைய கெட்-ஐட்டம் தேவையே இல்லை. பழைய பைதானுக்கும் அதைத் தர்ற 'பைதான்-சி-ஏபிஐ-காம்பேட்' என்ற ஹெடர் ஃபைல் இருக்கு.

தமிழ்ச் சொல்லைக் கீயா வைக்கிறவங்களுக்கு

'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் ரெண்டு விதமா எழுதலாம். க-வோட ஒகரக் குறியை ஒரே குறியீடா வைக்கலாம், இல்லைன்னா ஒற்றைக்கொம்பு, கால்னு ரெண்டு குறியீடா வைக்கலாம். திரையில ரெண்டும் ஒண்ணுதான், டிக்ஷனரிக்கு ரெண்டும் வேற வேற கீ. 'கொஞ்சம்' ரெண்டு இடத்துல பிரிஞ்சு எண்ணப்படும். அதனால சி-க்கு அனுப்புறதுக்கு முன்னாடியே, பைதான் பக்கம் யூனிகோட்டேட்டா மாட்யூலை வச்சு எல்லாத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு மாத்திடுங்க.

இந்த வார வீட்டுப்பாடம்

மேலே இருக்கிற ஆறு படிகளையும் சி-ல எழுதிப் பாருங்க. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் 'சொந்தம்' அல்லது 'இரவல்'னு கமென்ட் போடுங்க. அப்புறம் பைதானின் கலெக்ஷன்ஸ் மாட்யூல்ல இருக்கிற கவுன்டர் எப்படி எண்ணுதுன்னு சிபைதானின் சோர்ஸ் கோட்ல தேடிப் படிங்க. அந்த எண்ணும் வேலையும் உள்ளே சி-லதான் எழுதப்பட்டிருக்கு. ஆமாம், நான் செய்ய நினைச்ச வேலையை அது ஏற்கெனவே செய்யுது! கவுன்டரே போதும்னா அதையே பயன்படுத்துங்க. சி தேவைப்படுற நாள் வந்தா, கணக்கு நேரா இருக்கான்னு மட்டும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்துக்கோங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!